கியூபா ஓவியமும் அந்தலூஸின் நிழலும்

1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆம் நாள். உலகப் பெரும்போர் ஐந்தாம் ஆண்டாக எரிந்துகொண்டிருந்த வேளை. நியூயார்க் மாநகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் கியூபாத் தீவைச் சேர்ந்த ஓவியர் பதின்மூவரின் படைப்புகளைத் தன் சுவர்களில் மாட்டி மக்களுக்குக் காட்டத் தொடங்கியது. மே மாதம் 7ஆம் நாள் வரை நடைபெற்ற அக்கண்காட்சிக்கு 'நவீன கியூபா ஓவியர்கள்' என்று பெயர். கரும்பும் புகையிலையும் ஏற்றுமதி செய்யும் தீவு என்று மட்டுமே வெளியுலகம் அறிந்திருந்த ஒரு நாட்டின் ஓவியக்கலைக்கு, உலகப் புகழ் பெற்ற கூடமொன்றில் இத்துணைப் பெரிய இடம் கிடைத்தது அதுவே முதன்முறை எனலாம்.

அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய ஆல்ஃபிரட் பார், 1942இல் ஹவானா நகருக்குச் சென்று ஓவியர்களை நேரில் கண்டு வந்தவர். அவருக்கு உறுதுணையாக நின்றவர் ஹோஸே கோமெஸ் ஸிக்ரே என்னும் கியூபா நாட்டுத் திறனாய்வாளர். கண்காட்சியை ஒட்டி அவர் எழுதிய நூலைத் தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டவர் மரியா லூயிஸா கோமெஸ் மேனா என்ற செல்வச் சீமாட்டி. அவருடைய குடும்பத்தின் செல்வம் சர்க்கரை ஆலைகளில் திரண்டது. இச்சிறு செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். சர்க்கரையை நாம் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும். போர்க்காலத்தில் தென்பால் நாடுகளின் நட்பைப் பேணுவதில் அமெரிக்க அரசு கருத்தாக இருந்தது என்பதும், ஓவியத்தின் மீதுள்ள காதல் ஒன்றே அக்கண்காட்சிக்குக் காரணமன்று என்பதும் வரலாறு அறிந்தோர்க்குப் புதியன அல்ல.

அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் கற்பிக்கும் ஒருவன் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்பது பற்றி நபிமொழிகளில் வந்துள்ள கடும் எச்சரிக்கைகளை நாம் ஓதியிருக்கிறோம். ஓதிக் கொடுத்தும் வருகிறோம். மரம் செடி போன்றவற்றையும் உயிரற்ற பொருள்களையும் வரைய இடமுண்டு என்பதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த செய்தியும் நமக்குத் தெரியும். சிற்பத்திற்கும் தாளில் தீட்டிய உருவத்திற்கும் இடையே வேறுபாடு கண்ட இமாம்களும் உளர். அந்தச் சட்ட நுணுக்கங்களை ஈண்டு விரிப்பது என் நோக்கமன்று. ஒரு பொருளை வீட்டுச் சுவரில் மாட்டுவது வேறு. அதன் வரலாற்றை அறிவது வேறு. அறியாமல் இருப்பதால் நாம் இழப்பது என்ன என்பதைக் கட்டுரையின் போக்கில் அன்பர்களே கண்டுகொள்வர்.

கியூபாவில் ஓவியம் கற்பிக்கும் கல்லூரி 1818லேயே தோன்றிவிட்டது. சான் அலெஹாந்த்ரோ என்னும் அக்கல்லூரி நூறாண்டுக் காலம் ஐரோப்பியப் பழைய மரபையே பயிற்றியது. 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ரெவிஸ்தா தெ அவான்ஸே' என்ற இதழைச் சேர்ந்த இளைஞர்கள் ஹவானாவில் 'புதுக்கலைக் கண்காட்சி' ஒன்றை நடத்தினர். கியூபாவின் நவீன ஓவியம் பிறந்த நாளாக அதனையே குறிப்பிடுவர். விக்தோர் மனுவேல் என்பார் 1929இல் தீட்டிய 'வெப்பநாட்டு நாடோடிப் பெண்' அத்தலைமுறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இவர்களில் பலர் பாரிஸ் சென்று பயின்றவர்கள். ஆகவே இவர்கள் அனைவரும் பிக்காஸோவின் எதிரொலிகள் என்று மேலைநாட்டார் சிலர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போயினர். அது சோம்பலால் பிறந்த தீர்ப்பு. பாரிஸில் கற்ற இலக்கணத்தைக் கொண்டு இவர்கள் எழுதியது எந்த வீட்டின் கதையை என்று பார்த்திருந்தால் அவ்வாறு கூறியிருக்க மாட்டார்கள்.

அமேலியா பெலாயெஸ் என்னும் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1896இல் யாகுவஹாய் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1927 முதல் 1934 வரை ஐரோப்பாவில் வாழ்ந்து, அலெக்ஸாந்த்ரா எக்ஸ்தர் என்ற ஓவியரிடம் பயின்றார். தாயகம் திரும்பியபின் அவர் பெரிதும் வெளியே உலவவில்லை. ஹவானாவின் லா விபோரா பகுதியில் இருந்த தம் குடும்பத்தின் பழைய வீட்டிலேயே, உடன்பிறந்த சகோதரியருடன் வாழ்ந்து, 1968இல் மறையும் வரை அங்கேயே வரைந்துகொண்டிருந்தார். அவர் தீட்டியவை என்ன? மேசைமேல் ஒரு தட்டு, அதில் பழங்கள், முற்றத்துச் செடிகள், சாளரத்தின் வளைவு, கதவின் மரவேலை, இரும்புக் கம்பியின் சுருள். தடித்த கரிய கோடுகள் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். அக்கட்டங்களுக்குள் நீலமும் மஞ்சளும் சிவப்பும் வெயில் பட்ட கண்ணாடிபோல் ஒளிரும். பொருள் எது, அதன் பின்னுள்ள சாளரம் எது என்று பிரித்தறிய முடியாதபடி யாவும் ஒரே கொடிப்பின்னலாகக் கலந்து நிற்கும்.

அந்தச் சாளரம் கியூபா வீடுகளுக்கே உரிய ஒன்று. வாயிலுக்கும் சாளரத்துக்கும் மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். வெப்பநாட்டுக் கடும்வெயில் அதன் வழியே வடிந்து வண்ணக் கோலமாய்த் தரையில் விழும். பகலில் கண் கூசாது. கதவு மூடியிருந்தாலும் அறை இருளாது. வெயிலை வீட்டுக்குள் விடாமலே ஒளியை மட்டும் உள்ளே அழைக்கும் உபாயம் அது. அமேலியாவின் கரிய கோடுகள் அக்கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் சட்டங்கள் என்பதை ஒருமுறை கண்டுகொண்டால், பிறகு அவருடைய படத்தை எவரும் பாரிஸின் பிரதி என்று சொல்லத் துணியார்.

அந்தப் பழைய வீடுகளை இன்னும் சற்று உற்று நோக்குவோம். தெருவுக்கு முகம் காட்டாமல், நடுமுற்றத்தை நோக்கித் திரும்பி நிற்கும் அமைப்பு. முற்றத்தின் அடியில் மழைநீரைச் சேமிக்கும் தொட்டி. பெண்டிர் வெளியே பார்க்கவும், வெளியார் உள்ளே பாராதிருக்கவும் அமைந்த மரச்சல்லடைப் பலகணி. சுவரில் பதித்த வண்ண ஓடு. உத்தரங்களை நட்சத்திரக் கோணங்களாகப் பின்னிய மரக்கூரை. சாந்தியாகோ நகரில் தியேகோ வெலாஸ்கெஸ் இல்லம் எனப்படும் பழங்கட்டடத்திலும், ஹவானாவில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சாந்தா கிளாரா கன்னிமாடத்திலும் இத்தகைய மரவேலையை இன்றும் காணலாம். அரபு கற்றவனுக்கு அக்கட்டடங்களின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கும்போதே உள்ளம் துள்ளும். மரக்கூரையின் பெயர் 'அல்ஃபார்ஹே'. அது நம்முடைய 'ஃபர்ஷ்', அதாவது விரிப்பு. சுவர் ஓடு 'அஸுலேஹோ', அது 'ஸுலைஜ்'. கட்டடத் தலைமைக் கொத்தர் 'அலரீஃபே'; அவர் 'அல்-அரீஃப்', விஷயம் அறிந்தவர். முற்றத்தடி நீர்த்தொட்டி 'அல்ஹீபே', அது 'அல்-ஜுப்பு'. யூசுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் தள்ளிவிட்ட கிணற்றுக்குத் திருக்குர்ஆன் வழங்கும் சொல் அதுவே! கியூபா நாட்டுக் கிழவி ஒருத்தி, 'மழை பெய்யாதா' என்று ஏங்கும்போது 'ஓஹலா' என்பாள். அல்லாஹ்வின் நாட்டத்தை வேண்டும் அரபுச் சொற்றொடர் அது என்பதை அவள் அறியமாட்டாள்.

இவை அங்கே எவ்வாறு சென்றன?

ஹிஜ்ரி 897, ரபீவுல் அவ்வல் மாதத்தில், அதாவது 1492 ஜனவரி 2ஆம் நாள், கிரனாதா வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் கொலம்பஸ் கியூபாவின் வடகரையை அடைந்தார். ஹிஜ்ரி 898 பிறந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. கரையோரத்து மலையொன்றைக் கண்டு, அதன் உச்சி அழகிய பள்ளிவாசல் போல் இருந்ததாக அவர் குறித்தார் என்று அவருடைய நாட்குறிப்பின் சுருக்கம் கூறுகிறது. பள்ளிவாசல்களை அழித்தும் மாற்றியும் வந்த அரசின் கொடியோடு சென்றவருக்கு, புத்துலகில் கண்ட அழகுக்கு உவமையாகப் பள்ளிவாசலே நினைவுக்கு வந்தது. நவம்பர் 2ஆம் நாள் தீவின் உட்பகுதிக்குத் தூதராக அவர் அனுப்பிய இருவரில் ஒருவர் லூயிஸ் தெ தோர்ரெஸ். யூதராகப் பிறந்து மதம் மாறியவர். ஹீப்ரு மொழியோடு அரபும் ஓரளவு அறிந்தவர் என்பதற்காகவே மொழிபெயர்ப்பாளராக அழைத்து வரப்பட்டவர். கீழைநாட்டுப் பேரரசனைக் காணப் போவதாக எண்ணிச் சென்ற அவர், கண்டது தைனோ மக்களின் குடிசைகளை. அவருடைய அரபு அங்கே யாருக்கும் பயன்படவில்லை.

அதன்பின் சட்டம் வந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் புதிதாக மதம் மாறியோரும் புத்துலகுக்குச் செல்லலாகாது என்று ஸ்பெயின் அரசு 1501லேயே ஆணையிட்டது. ஆளைத் தடுத்தார்கள். ஆனால் செவில்லாவிலிருந்து கப்பலேறிய கிறிஸ்தவத் தச்சனின் உளியில் இருந்த வித்தையைத் தடுக்க எந்தத் துறைமுகக் காவலனால் முடியும்? கிறிஸ்தவ ஆட்சியின்கீழ் தங்கிவிட்ட முஸ்லிம்களை 'முதஜ்ஜன்' என்றனர். அடங்கித் தங்கியவர், பழக்கப்பட்டவர் என்பது பொருள். 'முதேஹார்' என்று ஸ்பானியர் வாயில் திரிந்த அச்சொல்லே அவர்கள் வளர்த்த கட்டடப் பாணிக்கும் பெயராயிற்று. 1609 முதல் 1614 வரை, ஞானஸ்நானம் பெற்றிருந்த அவர்களுடைய வழித்தோன்றல்களையும் லட்சக்கணக்கில் நாடு கடத்தினார்கள். ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி, தம் மார்க்க நூல்களை மறைத்து வைத்துப் படித்த மக்கள் அவர்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரின் வழக்கத்தை எண்ணுவோர்க்கு இந்தச் செய்தி நெஞ்சைத் தொடாமற் போகாது. நம்மவர் அச்சமின்றி எழுதினர், அவர்கள் அஞ்சி அஞ்சி எழுதினர் என்பதே வேறுபாடு. நாடு கடத்தல் முடிந்து 19 ஆண்டுகளுக்குப் பின், 1633இல், செவில்லாவில் தியேகோ லோபெஸ் தெ அரேனாஸ் என்னும் தச்சர் மரக்கூரை வேலையைப் பற்றி ஒரு நூலை அச்சிட்டார். கற்றுக்கொடுத்தவர்களின் சந்ததியை விரட்டிவிட்ட நாட்டில், கற்றவர் அதனை ஏட்டில் பதிந்து வைத்தார். நூலில் அரபுச் சொற்கள் அப்படியே நின்றன.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'பார்த்தீர்களா, எல்லாம் நம்முடையதே' என்று மார்தட்டும் பழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. கூரையும் ஓடும் முற்றமும் அந்தலூஸின் கொடை என்பதற்குச் சொல்லும் நூலும் சான்று பகர்கின்றன. அமேலியாவை ஆட்கொண்ட வண்ணக் கண்ணாடி அரைவட்டமோ பிற்காலத்தில் கியூபாவிலேயே செழித்த கைவேலை. சுண்ணச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதிக்கும் வழக்கம் கெய்ரோவிலும் யமனிலும் உண்டு என்பதனால், இதுவும் அங்கிருந்தே வந்தது என்று அறுதியிடுவது அறிவுடைமை ஆகாது. ஒளியை வடிகட்டி வாழும் வாழ்க்கை முறைக்கு அந்தலூஸ் அடித்தளம் இட்டது. அதன்மேல் கியூபா மக்கள் தம் கைவண்ணத்தைச் சேர்த்தனர். அமேலியா அதனைக் கித்தானில் ஏற்றினார். கடனை மறைப்பது ஒரு வகைப் பொய்யென்றால், இல்லாத கடனை எழுதி வைப்பதும் பொய்யே.

இனி, அந்தக் கண்காட்சியில் இல்லாதவரைப் பற்றிப் பேச வேண்டும். பதின்மூவரின் பட்டியலில் வீஃப்ரெடோ லாம் என்ற பெயர் இல்லை. அழைப்பு இல்லாமலன்று, பங்கேற்க அவரே மறுத்துவிட்டார். கியூபா ஈன்ற ஓவியர்களில் இன்று உலகம் முதலில் சொல்லும் பெயர் அவருடையதே.

லாம் 1902இல் சாகுவா லா கிராந்தே என்னும் ஊரில் பிறந்தவர். சர்க்கரைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. தந்தை சீனாவின் கான்டன் பகுதியிலிருந்து வந்தவர். தாய் ஆப்பிரிக்க, ஸ்பானியக் குருதி கலந்தவர். 1923இல் ஸ்பெயின் சென்று, அங்கு மூண்ட உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்று, தோல்விக்கு முன்னரே பாரிஸ் அடைந்து பிக்காஸோவின் நட்பைப் பெற்றார். ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்தபின், 1941இல் மார்ஸேயிலிருந்து அகதிகளை ஏற்றிய கப்பலில் புறப்பட்டுத் தாயகம் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கண்ட கியூபாவில், கறுப்பின மக்களின் வறுமையும், அவர்களுடைய பழக்கவழக்கங்களை வேடிக்கைப் பொருளாக உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் வாணிபமும் அவரைச் சுட்டன. 1943இல் அவர் தீட்டியது 'காடு' என்னும் ஓவியம். உயரமும் அகலமும் ஏழரை அடிக்குக் குறையா. கித்தான் கிட்டாத நிலையில் காகிதத்தில் தீட்டி, பின்னர்க் கித்தானில் ஒட்டியது. நீண்ட தண்டுகளின் நெருக்கத்தில் நான்கு உருவங்கள், முகமூடி போன்ற முகங்களோடும், பருத்த பாதங்களோடும் நிற்கின்றன. வலப்புறம் மேலே ஒரு கை கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்திருக்கிறது. ஆப்பிரிக்கச் சமய வழிபாட்டின் சாயல் அவ்வுருவங்களில் உண்டு. நம் ஈமானுக்கு ஒவ்வாத நம்பிக்கை அது என்பதை ஒளிப்பதற்கில்லை. ஆயினும் அத்தண்டுகளைப் பாருங்கள். அவை கரும்பு. கரும்பு காட்டில் வளர்வதன்று, தோட்டத்தில் நடப்படுவது. 'காடு' என்று பெயரிட்டுத் தோட்டத்தை வரைந்தார் லாம். அத்தோட்டத்துக்குள் நிற்பவர்கள் யார் என்பதே அவர் பார்ப்போரிடம் எழுப்பிய கேள்வி.

'அஸூக்கர்' என்னும் ஸ்பானியச் சொல் அரபு 'அஸ்-ஸுக்கர்' என்பதன் வழிவந்தது. அரபுச் சொல் பாரசீகத்தின் வழியாக நம் நாட்டுச் 'சர்க்கரை'யோடு உறவுடையது. கரும்பை எகிப்துக்கும் ஸிஸிலிக்கும் அந்தலூஸின் கடற்கரைக்கும் கொண்டு சென்று, பாசனமும் ஆலையும் அமைத்தவர்கள் முஸ்லிம்கள். அங்கிருந்து கானரித் தீவுகள். 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியன். இவ்வளவையும் பெருமிதத்தோடு சொல்லும் நாம் அடுத்த பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். 1791இல் ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின் சர்க்கரை வாணிபம் கியூபாவை நோக்கித் திரும்பியது. அந்நாட்டுக்கு இழுத்து வரப்பட்ட ஆப்பிரிக்கர் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் என்பது ஆய்வாளர் கணக்கு. 1847க்கும் 1874க்கும் இடையே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886லேதான். ஆப்பிரிக்கரில் கலிமா சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கலிமா எட்டவில்லை. அந்தலூஸின் மரக்கூரை தப்பிப் பிழைத்த தீவில் அவர்களுடைய தொழுகை தப்பவில்லை. கூரையைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பலர். தொழுகையை இழந்தவர்களைப் பற்றி எழுதுவோர் சிலரே.

லாமின் ஓவியம் 1944 ஜூன் மாதம் அதே நியூயார்க் நகரில், பியேர் மத்தீஸ் என்பாரின் தனியார் கூடத்தில் காட்சிக்கு வந்தது. மறு ஆண்டே நவீனக் கலை அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கியது. ஆனால் பிக்காஸோவும் பிறரும் வீற்றிருந்த உள்கூடங்களில் அதற்கு இடமில்லாமல், பார்வையாளர் மேலங்கியைக் கழற்றி ஒப்படைக்கும் அறைக்குச் செல்லும் நடையில் அது நெடுங்காலம் தொங்கிற்று. 1980களின் இறுதியில் ஒரு திறனாய்வாளர் இதனைக் கண்டித்து எழுதியபின் அது பலரும் பேசும் பொருளாயிற்று. வாசல்வரை வா, கூடத்துக்குள் வராதே என்பது எல்லா நாட்டிலும் ஏழைகள் அறிந்த மரியாதை அன்றோ!

1982இல் லாம் காலமானார். மறு ஆண்டு ஹவானாவில் அவர் பெயரால் கலை மையம் ஒன்று நிறுவப்பட்டது. அம்மையம் 1984இல் தொடங்கிய இருபதாண்டு... அல்ல, ஈராண்டுக் கண்காட்சி முதலில் லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் மட்டும் உரியதாய் இருந்து, 1986இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளையும் அழைத்தது. பாரிஸும் நியூயார்க்கும் இசைவு தந்த பின்னரே ஒருவன் ஓவியனாகலாம் என்ற நிலையை மாற்ற முயன்ற பெருஞ்செயல் அது. அமெரிக்காவின் வாணிபத் தடை நீடித்தபோதிலும், 1988இல் நிறைவேறிய சட்டத் திருத்தமும் 1991இல் ஓவியங்களுக்குக் கிடைத்த விலக்கும் கியூபா ஓவியங்கள் அந்நாட்டில் விற்பனையாக வழி திறந்தன. அதன்பின் தனியார் கூடங்கள் அமேலியாவின் தலைமுறையையும் இன்றைய இளைஞர்களின் படைப்பையும் அருகருகே வைக்கும் கண்காட்சிகளை நடத்தலாயின. விலை கூட்டும் வித்தையும் அதில் உண்டு. பழையவரின் புகழ் புதியவரின் சரக்குக்கு முத்திரையாகிறது. ஆனாலும் அப்படி அருகருகே வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் இருக்கிறது. 'கச்சோ' என்று பெயர் வழங்கும் கலைஞர் 1994இல் ஹவானாவின் ஐந்தாம் கண்காட்சியில், சிறு சிறு படகுகளையும் கடலோரத்தில் ஒதுங்கிய மரத்துண்டுகளையும் தேய்ந்த காலணிகளையும் ஒரே திசை நோக்கித் தரையில் பரப்பி வைத்தார். அவ்வாண்டு மே மாதம் அது காட்சிக்கு வந்தது. ஆகஸ்டில் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 35,000 பேர் தெப்பங்களிலும் உடைந்த படகுகளிலும் கடலில் இறங்கி அமெரிக்கக் கரையை நோக்கிப் போயினர். அமேலியா வீட்டுக்குள் இருந்து சாளரத்தை வரைந்தார். அவருடைய பேரன் வயதுடையவர் வீட்டை விட்டுப் போகும் படகைச் செய்தார். இரண்டையும் ஒரே கூடத்தில் காண்பவர், இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அத்தீவு பட்டதைப் பேச்சின்றி உணர்ந்துகொள்வார்.

ஹவானாவின் பழைய நகரில் முதேஹார் பாணியில் அமைந்த 'அரபியர் இல்லம்' அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. 2015இல் அதே பகுதியில் ஒரு பள்ளிவாசலும் திறக்கப்பட்டது. 2025 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் லாமின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. அவர் அங்கே வர மறுத்து அப்போது 81 ஆண்டுகள் கடந்திருந்தன. கரும்புத் தண்டுகளுக்கு நடுவே நிற்கும் அந்த நால்வரும் இம்முறை உள்கூடத்தில் நின்றார்கள்.